மூன்று நாள் ஆயுளுள்ள பீர்

ஒரே ஆலையில் ஒரே நாளில் நிரப்பிய இரண்டு பீப்பாய்கள் இரண்டு பப்களுக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் கழித்து இரண்டு இடங்களிலும் அரை பைன்ட் வாங்கிக் குடித்துப் பாருங்கள். ஒன்றில் முளைகட்டிய பார்லியான மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் நாக்கில் தனித்தனியாகத் தெரியும். இன்னொன்றில் ஈர அட்டை வாசம்தான் மிஞ்சும். இந்த வேறுபாட்டுக்கு ஆலை பொறுப்பல்ல. ரியல் ஏல் எனப்படும் பீரின் கடைசி வேலை ஆலையில் நடப்பதில்லை. பப்பின் நிலவறையில், அங்கே வேலை செய்பவரின் கையால் நடக்கிறது. ஆகவே ஒரு ரியல் ஏலை அறிய வேண்டுமானால் பப் பப்பாகப் போயே ஆக வேண்டும். வேறு வழி இல்லை.

நான் வசிப்பது இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில். வுல்வர்ஹாம்ப்டன், டட்லி, வால்சால், சாண்ட்வெல் ஆகிய நான்கு நகராட்சிப் பகுதிகளையும் சேர்த்து பிளாக் கன்ட்ரி என்பார்கள். நிலக்கரியும் இரும்பும் இந்த மண்ணைப் புகையால் மூடியிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெயர் அது. சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன, உலைகள் அணைந்துவிட்டன. அவற்றில் வெந்து வேலை செய்தவர்களின் தாகத்துக்காக உருவான பப்கள் மட்டும் கணிசமாக மிஞ்சியிருக்கின்றன. இந்த நான்கு பகுதிகளிலும் நல்ல ரியல் ஏலுக்குப் பெயர் வாங்கிய ஒவ்வொரு பப்பிலும் ஒருமுறையாவது உட்கார்ந்து குடித்துவிடுவது என்று எனக்கு நானே ஒரு சவால் வைத்துக்கொண்டேன்.

பட்டியலுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. ரியல் ஏலுக்காகப் போராடும் கேம்ரா என்ற நுகர்வோர் அமைப்பு ஆண்டுதோறும் குட் பீர் கைடு என்ற கையேட்டை வெளியிடுகிறது. நாடு முழுவதிலுமிருந்து சுமார் 4,500 பப்கள் அதில் இடம்பெறுகின்றன. பணம் கொடுத்து உள்ளே நுழைய முடியாது. உள்ளூர்க் கிளை உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் தாங்கள் குடித்த பீருக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண்களையும் வைத்துத்தான் தேர்வு நடக்கிறது. இதோடு, பழைய உட்புற அமைப்பு குலையாத பப்களுக்கு அதே அமைப்பு தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக்கொண்டேன்.

விதிகளை நானே வகுத்தேன். பஸ், டிராம், ரயில், நடை ஆகியவை மட்டும், கார் கூடாது. ஒரு பப்பில் அரை பைன்ட், அதாவது 284 மில்லி. ஒரு மாலைக்கு இரண்டு பப், மிஞ்சினால் மூன்று. நான் போகும் நாளில், கையால் இழுத்து ஊற்றும் கைப்பம்பில் ஏல் இல்லையென்றால் அந்தப் பப் கணக்கில் சேராது, இன்னொரு நாள் வர வேண்டும். கிளாஸ் காலியான பிறகும் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வாசலில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த பப்புக்கு ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது வேறு விளையாட்டு, எனக்கு வேண்டாம்.

அரை பைன்ட் விதியை நான் மீறுவதே இல்லை. குடியால் குடும்பங்கள் சிதைவதை அன்றாடம் பார்க்கும் ஊரிலிருந்து வந்தவன் நான். மதுவைப் பற்றி எழுதும்போது அதை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத என்னால் முடியாது. எங்கள் ஊரில் மதுக்கடை என்பது வாங்கி, நின்றபடி விழுங்கி, வெளியேறும் இடம். இங்கே மைல்ட் எனப்படும், மூன்றரை சதவீத ஆல்கஹால் மட்டுமே உள்ள, கசப்புக் குறைந்த ஏல் ஒரு கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு முதியவர் ஒரு மணி நேரம் செய்தித்தாள் படிக்கிறார். அவர் வீட்டில் யாரும் இல்லை. பப்பில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நான்கு பேர் இருக்கிறார்கள். நான் தேடிப் போவது அந்த மாதிரி இடங்களைத்தான்.

ரியல் ஏல் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பார்லி மால்ட், ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட் நான்கும்தான் எல்லா பீருக்கும் அடிப்படை. வழக்கமான கெக் பீரை ஆலையிலேயே வடிகட்டி, பெரும்பாலும் சூடாக்கி ஈஸ்டைக் கொன்று, உலோக உருளையில் அடைத்து, கரியமில வாயுவின் அழுத்தத்தால் குழாய் வழியே தள்ளுகிறார்கள். மாதக்கணக்கில் கெடாது, எங்கே குடித்தாலும் ஒரே ருசி. ரியல் ஏலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பீப்பாயில் அடைத்த பிறகும் அது மெல்ல நொதித்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வாயு எதுவும் சேர்ப்பதில்லை. கையால் இழுக்கும் பம்பில் உறிஞ்சி எடுக்கிறார்கள், அல்லது பீப்பாயின் குழாயைத் திறந்து நேராகவே கிளாஸில் பிடிக்கிறார்கள். பீர் வெளியேற வெளியேற அந்த இடத்தில் காற்று புகும். காற்று பட்ட கணத்திலிருந்து நாள் எண்ணத் தொடங்கிவிட வேண்டும்.

கள்ளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலையில் இறக்கியது மாலையில் வேறு பானமாகிவிடும், மறுநாள் காடி. எந்த மரத்துக் கள், யார் இறக்கியது என்றெல்லாம் நாக்கால் சொல்லக்கூடியவர்கள் எங்கள் தாத்தா காலத்தில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அந்த அறிவு ஒரு தலைமுறைக்குள் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. இங்கிலாந்திலும் அப்படி ஆகியிருக்க வேண்டியதுதான்.

1960களில் சில பெரிய நிறுவனங்கள் சிறு பீர் ஆலைகளை வரிசையாக வாங்கி மூடின. அவற்றின் பப்களில் கெக் பீரை நிரப்பின. நிலவறை வேலை தெரிந்த ஆள் தேவையில்லை, கெட்டுப்போகும் கவலை இல்லை, கணக்குப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் வசதி. 1971இல் அயர்லாந்தின் மேற்குக் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போன நான்கு இளைஞர்கள், கெர்ரி மாவட்டத்தில் டன்குவின் என்ற சிற்றூரின் மதுக்கூடத்தில் உட்கார்ந்து, இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தொடங்கியதுதான் கேம்ரா. 1974இல் குட் பீர் கைடு முறையான புத்தகமாக அச்சானது. சாதாரணக் குடிமக்கள் தங்கள் நாக்கை நம்பி ஒரு தொழில்நுட்பத்தை அழிவிலிருந்து மீட்டார்கள். பெரிய முதலாளிகளுக்கு எதிராக நுகர்வோர் வென்ற கதைகள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று என்று உறுதியாகச் சொல்வேன்.

நிலவறையை நேரில் பார்க்காமல் இந்தச் சவாலுக்குப் பொருளில்லை என்று தோன்றியதால், டட்லிப் பக்கம் ஒரு சிறு பப்பில் வார நாள் பிற்பகலில், கூட்டமில்லாத நேரத்தில், கீழே வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பப்பை நடத்தும் அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு, “தலையைக் குனிந்து வாருங்கள்” என்று சொல்லி முன்னால் இறங்கினார். கீழே பன்னிரண்டு டிகிரி. ஈரச் செங்கல் வாசமும் ஈஸ்டின் புளிப்பு வாசமும் கலந்திருந்தன. ஃபர்கின் எனப்படும் ஒன்பது கேலன் பீப்பாய்கள், அதாவது 72 பைன்ட் கொள்பவை, மரக் கட்டைகளின் மேல் படுக்கவைக்கப்பட்டிருந்தன. அன்று காலைதான் ஒன்றைத் திறக்கத் தொடங்கியிருந்தார். பீப்பாயின் வயிற்றுப் பக்கத்தில் உள்ள மரத் தக்கையின் நடுவில் ஒரு மென்மரக் குச்சியை அடித்திருந்தார். அந்தக் குச்சியின் நுண்துளைகள் வழியே வாயு சீறி, பழுப்பு நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவர் அதை ஒரு துணியால் துடைத்துவிட்டு, மீண்டும் எவ்வளவு வேகத்தில் பொங்குகிறது என்று பார்த்தார். துடைத்த நுரை உடனே திரண்டால் ஈஸ்ட் இன்னும் துள்ளுகிறது, விட்டுவிட வேண்டும். மெல்லத் திரண்டால், மென்மரக் குச்சியைப் பிடுங்கிவிட்டு, காற்றுப் புகாத வன்மரக் குச்சியை அடிக்க வேண்டும். முன்னதாக அடித்தால் பீரில் வாயு மிகுந்து கிளாஸ் முழுக்க நுரையாகும். தாமதித்தால் பீர் சப்பென்று போகும். இதற்குக் கருவி எதுவும் இல்லை. அவருடைய கண்தான்.

பக்கத்தில் முந்தைய நாள் குழாய் செருகிய இன்னொரு பீப்பாய். அதிலிருந்து கொஞ்சம் பிடித்து, சுவரிலிருந்த விளக்குக்கு நேரே உயர்த்தினார். மெல்லிய மங்கல் இருந்தது. முகர்ந்தார், ஒரு மிடறு குடித்தார், மீதியைத் தரைச் சாக்கடையில் ஊற்றினார்.

“ருசி வந்துவிட்டது, தெளிவு வரவில்லை. நாளை மாலை வாருங்கள். அதற்கு முன்னால் மேலே பம்பில் இதன் பெயரை மாட்ட மாட்டேன்” என்றார்.

“இன்றைக்கே யாராவது கேட்டால்?”

“இல்லை என்று சொல்வேன். கொடுத்துவிட்டு முகம் சுளிக்கவைப்பதைவிட அது மேல்.”

மறுநாள் போனேன். கிளாஸின் மறுபக்கம் நின்றவர் முகம் தெரியும் அளவுக்குத் தெளிந்திருந்தது. அம்மையார் அப்போது போட்டுக்காட்டிய கணக்கு என் பயணத்தின் நோக்கத்தையே மாற்றிவிட்டது. திறந்த பீப்பாய்க்கு மூன்று நாள். 72 பைன்ட் மூன்று நாளில் போக வேண்டும் என்றால் நாளைக்கு 24. வெள்ளி, சனியில் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். திங்கள், செவ்வாயில் போகாது. நான்காம் நாள் மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்ற வேண்டும், அல்லது மனசாட்சியை மூடிக்கொண்டு விற்க வேண்டும். அவர் ஊற்றுகிறார். அதனால்தான் அப்போது அவரிடம் இரண்டே கைப்பம்புகள்.

பத்துக் கைப்பம்புகள் வரிசையாக மின்னும் பப்பைப் பார்த்தால் எனக்கு முன்பு உற்சாகம் பொங்கும். இப்போது முதலில் ஆட்களை எண்ணுகிறேன். கூட்டம் நிறைந்திருந்தால் சரி. நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் பத்து வகை ஏல் இருந்தால், அவற்றில் பாதியாவது ஆயுள் முடிந்தவையாகத்தான் இருக்கும். அப்படி ஒரு பப்பில் எனக்குக் கொடுத்தது தெளிவான காடி. மாற்றித் தரும்படி கேட்டேன். ரியல் ஏல் இப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. இப்படித்தான் இருக்காது. காடி நாற்றம் அடித்தால் எந்த நல்ல பப்பும் கேள்வி கேட்காமல் மாற்றித் தரும். வாங்குவதற்கு முன் ஒரு மிடறு ருசி பார்க்கக் கேட்பதும் இங்கே சாதாரண வழக்கம். புதிதாகப் போகிறவர்கள் கூச்சப்பட வேண்டாம்.

இதே இடத்தில் சைவ உணவுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் என்னோடு சில மாலைகளில் வருவார். மது தொடமாட்டார், ஆரஞ்சுச் சாற்றோடு உட்கார்ந்து பேச்சுக் கேட்பது அவருக்குப் பிடிக்கும். ஏல் எப்படித் தெளிகிறது என்று ஒருமுறை கேட்டார். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசைப்பொருளைப் பீப்பாயில் சேர்ப்பார்கள், அது ஈஸ்டைப் பற்றிக்கொண்டு அடியில் படிந்துவிடும் என்றேன். “தம்பி, வெள்ளிக்கிழமை விரதக்காரர்களுக்கு இதை யார் சொல்வது?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். நியாயமான கேள்வி. கலங்கிய நிறத்திலேயே விற்கும் பீர்களில் பல இந்தப் பொருள் சேராதவை. எது சேர்ந்தது, எது சேராதது என்று கேட்டால் நல்ல பப்பில் சொல்லிவிடுவார்கள். விரதம் இருப்பவர்கள் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

இனி பப்கள். எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை. மனத்தில் தங்கிய சிலவற்றை மட்டும்.

ப்ரையர்லி ஹில்லில் டெல்ஃப் சாலையில் இருக்கிறது வைன். ஊர் வாயில் அதன் பெயர் புல் அண்ட் பிளாடர். 1877 முதல் இயங்கும் பேத்தம்ஸ் ஆலையின் தாய்வீடு இது. ஆலை பப்பின் பக்கத்திலேயே நிற்கிறது. முகப்பு முழுக்க, நல்ல ஏல் காய்ச்சுபவரை வாழ்த்தும் ஷேக்ஸ்பியர் வரி ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். உள்ளே நடைவழியின் இருபுறமும் சிறு அறைகள். கசப்புத் தூக்கலான பிட்டர் 4.3 சதவீதம், மைல்ட் 3.5 சதவீதம், ஆண்டு முழுவதும் அடிப்படையில் இந்த இரண்டுதான். அந்த பிட்டரின் முதல் மிடறு தேன் இனிப்பாகத் தொடங்கி, விழுங்கிய பிறகு காய்ந்த கசப்பாக முடியும். அந்தக் கசப்புத்தான் அடுத்த மிடற்றைக் கேட்கும். ஹாக்ஸ்ஹெட் எனப்படும் 54 கேலன் பீப்பாயை இன்னும் பயன்படுத்தும் மிகச் சில ஆலைகளில் பேத்தம்ஸும் ஒன்று. 432 பைன்ட்! மூன்று நாள் கணக்கை இதோடு பொருத்திப் பாருங்கள். அந்த அம்மையார் 72 பைன்ட்டை நினைத்துத் தூக்கம் கெடுகிறார்; இங்கே அதைப் போல ஆறு மடங்கு கொள்ளும் பீப்பாயை அஞ்சாமல் திறக்கிறார்கள். அவ்வளவு பேர் வருகிறார்கள். எந்த நேரம் போனாலும் இங்கே பீர் புதிதாக இருப்பதன் முழு ரகசியமும் இதுதான். பக்கத்திலேயே ரவுண்ட் ஓக் உருக்காலை இருந்தது, 1982இல் மூடினார்கள். உலை முன்னால் வியர்த்து ஓய்ந்தவர்களுக்கு வயிறு நிரம்பக் குடித்தாலும் தலை கிறுகிறுக்காத மைல்ட் தேவைப்பட்டது. உருக்காலை போன பிறகும் மைல்ட் நிற்கிறது. வெங்காயமும் சீஸும் வைத்த வட்ட ரொட்டியைச் சேர்த்துச் சாப்பிடுங்கள், அங்கே அதுதான் முறை.

அங்கிருந்து சிறிது தூரம் நெதர்டன். 1911இல் டைட்டானிக் கப்பலின் மைய நங்கூரத்தை உருவாக்கிய ஊர் அது. 15 டன்னுக்கு மேல் எடையுள்ள அதை 20 குதிரைகள் ரயில் நிலையத்துக்கு இழுத்துச் சென்றன. அந்த ஊரின் ஓல்ட் ஸ்வான் பப்பில் நுழைந்தவுடன் தலையை நிமிர்த்துங்கள். கூரை முழுக்க எனாமல் பூசிய இரும்புத் தகடுகள். நடுவில் பெரிய அன்னம். கூடத்தின் நடுவே பழைய இரும்பு அடுப்பு, அதன் புகைக்குழாய் நேராக மேலே ஏறுகிறது. பல பத்தாண்டுகள் இதை நடத்திய டோரிஸ் பார்டோ என்ற அம்மையாரின் பெயரால் இன்றும் இதை மா பார்டோஸ் என்றே ஊரார் சொல்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் தன் சொந்த பீரைத் தானே காய்ச்சும் பப்கள் இங்கிலாந்தில் நான்குதான் மிஞ்சியிருந்தன. கார்ன்வாலில் ஒன்று, ஷ்ராப்ஷயரில் இரண்டு, நான்காவது இது. ஒருகாலத்தில் ஊருக்கு ஊர் இருந்த வழக்கம் நான்கு வீட்டு நெருப்பில் வந்து நின்றது. அந்த நான்கில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்போடு குடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

செட்ஜ்லியின் பீக்கன் ஹோட்டல் வேறு உலகம். பெயரில்தான் ஹோட்டல். நடுவில் ஓர் ஆள் திரும்பக்கூட இடமில்லாத பரிமாறும் கூண்டு. அதைச் சுற்றித் தனித்தனி அறைகள். கூண்டின் சிறு ஜன்னல் வழியே குனிந்துதான் கேட்டு வாங்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வாங்கி நடத்தியவர் சாரா ஹ்யூஸ் என்ற பெண்மணி. பின்புறத்து ஆலை இடையில் பல ஆண்டுகள் ஓய்ந்துகிடந்தது. 1987இல் அவருடைய பேரன் பாட்டியின் செய்முறையைக் கொண்டு அதை மீண்டும் இயக்கினார். டார்க் ரூபி மைல்ட், 6 சதவீதம். மைல்ட் என்றால் மென்மையானது என்று நம்பிக் குடிப்பவர்களை இது கவிழ்த்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் கருஞ்சிவப்பு. வாயில் உலர்ந்த திராட்சையும் பிளம் பழமும் தெரியும். இதற்கு அரை பைன்ட்டே அதிகம். நான் குடித்த ஏல்களில் எதற்கு முதலிடம் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

சிறிய கடை இடங்களில் புதிதாக முளைத்த மைக்ரோ பப்களும் பட்டியலில் உண்டு. கென்ட் மாவட்டத்தின் ஹெர்ன் கிராமத்தில் 2005இல் பழைய இறைச்சிக் கடையில் தொடங்கிய முறை அது. ஒரே அறை, இசை இல்லை, திரை இல்லை, நான்கைந்து பீப்பாய். நல்ல முறைதான், ஆனால் மூன்றாவது மைக்ரோ பப்பைத் தாண்டியதும் எனக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விட்டது.

பட்டியலைத் தொடும்போதெல்லாம், மூடப்பட்டதால் கோடிட்டு அடித்த பெயர்களும் கண்ணில் படும். டட்லி எல்லைக்கு வெளியே ஹிம்லியில் குரூக்கட் ஹவுஸ் என்ற பப் இருந்தது. 1765இல் பண்ணைவீடாகக் கட்டியது. அடியில் நிலக்கரி வெட்டியதால் ஒருபக்கம் சரிந்து, பார்ப்பவர்கள் தலை சுற்றும் அளவுக்குக் கோணலாக நின்றது. உள்ளே ஒரு மேசையில் உருண்டையை வைத்தால் அது மேட்டை நோக்கி ஏறுவதாகத் தோன்றும். 2023 ஆகஸ்டில், விற்கப்பட்ட சில நாட்களில், தீப்பிடித்து எரிந்தது. இரண்டே நாளில் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊர் கொதித்தது. பழையபடியே கட்டித் தர வேண்டும் என்று 2024இல் உள்ளாட்சி மன்றம் உத்தரவிட்டது. அடுத்த அடி என் ஊரிலேயே விழுந்தது. 1875 முதல் வுல்வர்ஹாம்ப்டனின் நடுவில் பீர் காய்ச்சிவந்த பேங்க்ஸஸ் ஆலையை மூடப்போவதாக 2024இல் அறிவித்தார்கள். காற்று திரும்பும் நாட்களில் மால்ட் வேகும் வாசம் ரிங் ரோட்டைத் தாண்டியும் வந்ததுண்டு. அந்த வாசத்தை வைத்து எத்தனை பேர் இந்த ஊரை அடையாளம் கண்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

தோல் கறுத்த ஒருவன் முன்பின் தெரியாத பப்பின் கதவைத் தனியாகத் தள்ளித் திறப்பது எப்படி என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சில இடங்களில் ஒரு கணம் பேச்சு நிற்கும், உண்மைதான். கைப்பம்புகளைப் பார்த்து, “இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது?” என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு மீண்டும் தொடங்கிவிடும், அதில் நமக்கும் இடம் கிடைக்கும். ஆனால் இந்த எளிமை வானத்திலிருந்து விழவில்லை. இதே வட்டாரத்தில் ஸ்மெத்திக் ஊரின் பப்களில் கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் சில அறைகளில் இடம் மறுத்தார்கள். 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கே வந்தார். ப்ளூ கேட்ஸ் என்ற பப்பில் அவருக்கும் அந்த மறுப்புக் கிடைத்தது. ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் அவரைக் கொன்றுவிட்டார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர் இந்த நிறத்தடையை எதிர்த்துப் போராடினார்கள். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபிகள் பின்னாளில் அதே வட்டாரத்துப் பப்களைத் தாங்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். தேசி பப் என்று இன்று பெயர் பெற்றவை அவை. வெஸ்ட் ப்ராமிச்சிலும் ஸ்மெத்திக்கிலும் கரியடுப்பில் சுட்ட இறைச்சித் தட்டுச் சீறிக்கொண்டு மேசைக்கு வரும். ஒரு மேசையில் பஞ்சாபித் தாத்தாக்கள், அடுத்ததில் ஊர்க் கால்பந்து அணியின் வெள்ளைக்கார ரசிகர்கள். அங்கே குளிரக் குளிரத் தரும் லாகர் பீர்தான் அரசன், கைப்பம்பு அரிது. என் விதிப்படி அவற்றில் பல கணக்கில் சேரா. ஆனாலும் போகிறேன். மூடப்படவிருந்த பப்களைத் திறந்துவைத்தவர்களின் வீட்டில் உட்காராமல் இந்த வட்டாரத்துப் பப்களைப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பெட்ஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த புரூஸ் மாஸ்டர்ஸ் என்பவர் 1960 முதல் 46,000க்கும் மேற்பட்ட பப்களுக்குப் போய்க் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். மூடப்பட்டுப்போன எத்தனையோ பப்களுக்கு அவர் குறிப்புகளே சாட்சியாக இருக்கும் என்பதால் அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை. ஆனால் நிலவறையில் கேட்ட கணக்கு எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. நான் ஒருமுறை போய் அரை பைன்ட் குடித்தால் 72 பைன்ட்டில் அந்த அரை பைன்ட் குறைகிறது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை தவறாமல் வரும் அந்தச் செய்தித்தாள் முதியவர் ஆண்டு முழுவதும் அந்தப் பீப்பாயைக் காலிசெய்கிறார். நான் குடிக்கும் நல்ல பீர் அவரால் நல்ல பீராக இருக்கிறது. வாடிக்கைக்காரர் இல்லாத பப்பில் எவ்வளவு திறமையான கை நிலவறையில் இருந்தாலும் நான்காம் நாள் பீர்தான் கிளாஸில் வரும். பீர் மோசம் என்று ஆட்கள் விலகுவார்கள், ஆட்கள் விலகியதால் பீர் இன்னும் மோசமாகும். ஒரு பப் சாவது இப்படித்தான்.

அதனால் பட்டியலை முடிக்கும் அவசரத்தை விட்டுவிட்டேன். புதிய பப் ஒன்றைப் பார்த்தால், பார்த்த பப் ஒன்றுக்குத் திரும்பவும் போகிறேன். பட்டியல் ஆண்டுதோறும் மாறுவதால் அது எப்படியும் முடியப்போவதில்லை. டட்லிப் பக்கத்து அம்மையார் சென்ற குளிர்காலத்தில் மூன்றாவது கைப்பம்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறார். வாரத் தொடக்கத்தில் ஆட்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்களாம்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வுல்வர்ஹாம்ப்டன் ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் கிரேட் வெஸ்டர்ன் பப். சுவரெல்லாம் பழைய ரயில்வே படங்கள். உட்ஸெட்டனில் காய்ச்சும் ஹோல்டன்ஸ் ஆலையின் கோல்டன் க்ளோ கேளுங்கள். பிறகு டட்லி பஸ் ஏறி வழியில் செட்ஜ்லியில் இறங்கி பீக்கன். அதன் திறப்பு நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா மதியமும் திறந்திருப்பதில்லை. டட்லியிலிருந்து நெதர்டனுக்கு இன்னொரு பஸ், கடைசியாக ப்ரையர்லி ஹில். அரை அரையாகக் குடியுங்கள், இடையில் தண்ணீர் கேளுங்கள், காசில்லாமல் தருவார்கள். முடிந்தால் செவ்வாய் அல்லது புதன்கிழமை வாருங்கள். சனிக்கிழமைக்கு ஆட்கள் எப்படியும் வந்துவிடுவார்கள்.